கேம் மெஷினுக்குத் தைத்த உறை

எங்கள் ஊரில் எந்தச் சாமானுக்கும் ஆயுசு ஏழு வருஷம்தான். பத்து வருஷம் உழைக்கும் என்று அட்டையில் அச்சடித்து விற்கிறவன் ஆறுமுகநேரிக்கு வந்து பார்த்தவனில்லை. கிழக்கே உப்பளம், அதைத் தாண்டினால் கடல். காலையில் துடைத்து வைத்த சைக்கிளைச் சாயந்தரம் தொட்டால் விரல் பிசுபிசுக்கும். ஃபிரிட்ஜுக்கு அடித்தகடு போகும், ஃபேனுக்கு இறக்கை போகும், டிவிக்கு உள்ளே போர்டு பச்சை பூத்துப் போகும். பஜாரில் இருபத்தாறு வருஷமாக நான் டிவி ரிப்பேர் கடை நடத்திக் கஞ்சி குடிப்பதே இந்த உப்பின் தயவில்தான். ஆகையால் உப்பைத் திட்ட எனக்கு வாயில்லை.

இங்கே எல்லாவற்றையும் மூடித்தான் வைப்பார்கள். அளத்தில் உப்பு அம்பாரத்தைக் கீற்றும் தார்ப்பாயும் போட்டு மூடுவார்கள். வீட்டில் டிவி, மிக்சி, கிரைண்டர், தையல் மிஷின், ஆண்டுக்கு ஒருமுறை வெளியே வரும் கிறிஸ்துமஸ் ஸ்டார் வரைக்கும் உறை உண்டு. அந்த உறைகளில் முக்கால்வாசி கிருபை அக்கா தைத்தவை. ரெக்சின் துணியில் அளவெடுத்து, உள்ளே மெல்லிய பஞ்சு கொடுத்து, ஓரத்தில் வெள்ளை லேஸ் வைத்துத் தைப்பாள். ஒரு பொட்டு உப்புக்காத்து உள்ளே போகாது. என் கடையில் சும்மா கிடக்கும் ரேடியோவுக்குக்கூட ஒன்று தைத்துக் கொடுத்திருக்கிறாள்.

அவளுடைய வீட்டுக்காரர் பொன்னுதுரை அண்ணாச்சி. பூர்வீகம் நாசரேத். சாகுபுரம் ஃபேக்டரியில் முப்பத்துநாலு வருஷம் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிவிட்டு அளம் ஆரம்பிக்கிற இடத்தில் வீடு கட்டிக்கொண்டார். அங்கே வேண்டாம், காற்று சும்மா விடாது என்று நான் சொன்னேன். அண்ணாச்சி கேட்கவில்லை. பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் பெனிஸ்டன் கப்பலில் இஞ்சினியராகப் போனான், இப்போது மஸ்கட்டில் குடும்பத்தோடு இருக்கிறான். இளையவள் ஜெபசுதா. பிறந்ததிலிருந்து காது கேட்காது, பேச்சும் கிடையாது.

பேச்சு கிடையாது என்று நான் சொல்வதை அக்கா ஒத்துக்கொள்ள மாட்டாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த சைகை கொஞ்சம், தாயும் மகளும் அடுப்படியில் உண்டாக்கிக்கொண்ட சைகை நிறைய, எல்லாம் கலந்து அந்தப் பிள்ளை விடாமல் பேசும். அப்பா என்றால் தலையில் இரண்டு தட்டு. அவர் ஹெல்மெட் மாட்டி வேலைக்குப் போகிறவர். அம்மா என்றால் ஊசியில் நூல் கோப்பது போலக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்ப்பது. எனக்கும் ஒரு பெயர் இருந்தது. பழைய டப்பா டிவி காலத்தில் படம் ஓடாவிட்டால் நான் பக்கவாட்டில் ஓங்கி ஓர் அறை கொடுப்பேன். அதுதான் என் பெயர். தெருவில் என்னைக் கண்டால் அந்தப் பிள்ளை காற்றில் பளாரென்று ஓர் அறை விட்டுச் சிரிக்கும்.

இருபத்திரண்டு வயதில் டெங்கு வந்து ஆறே நாளில் போய்விட்டது. பத்து வருஷம் ஆயிற்று.

அந்தப் பிள்ளை சாகிறதற்கு முன்னால் மூன்று வருஷமாகப் பெனிஸ்டன் லீவில் வரும்போதெல்லாம் ஒரு ஹெச்.டி. கேமராவில் வீட்டைப் படம் எடுத்துக்கொண்டே இருப்பான். நாற்பத்துமூன்று துண்டுப் படங்கள். ஜெபசுதா மீன் கழுவுகிறாள், செதில் ஒட்டிய கையோடு அம்மாவிடம் பேசுகிறாள். ஜெபசுதா திருச்செந்தூர் பஸ்ஸில் ஒரு கண்டக்டர் தன்னிடம் பத்து நிமிஷம் பேசிவிட்டுக் கடைசியில் விழித்த கதையைச் சொல்கிறாள். அந்தத் துண்டு மட்டும் பதினொரு நிமிஷம். கேமராக் கார்டை டிவியில் போட்டால் இந்தப் படங்கள் ஓடாது, லேப்டாப்பில் போட்டால் திக்கித் திக்கி ஓடும். பெனிஸ்டன் விளையாடுவதற்கு வாங்கி வைத்திருந்த கேம் மெஷினில் மட்டும் தண்ணீர் மாதிரி ஓடிற்று. விரலுக்கு விரல், நகத்துக்கு நகம் தெரியும். அது தெரிந்தால்தான் அந்தப் பிள்ளை என்ன சொல்கிறது என்று தெரியும். ஒருமுறை அண்ணாச்சி டிவியில் ஓடுவதைத் தன் ஃபோனில் எடுத்துப் பார்த்தார். விரலெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கொழகொழவென்று இருந்தது. அக்கா பார்த்துவிட்டு, இது ஊமைப் படம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

மத்தியானம் சாப்பிட்டு ஏனம் கழுவிவைத்துவிட்டு மூன்று மணிக்கு உட்காருவாள். ஒரு மணி நேரம். பத்து வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதைத் தவறவிட்டாலும் விடுவாள், இதை விட்டதில்லை.

போன ஆனி மாதம் கச்சான் காற்று ஊரையே புரட்டிக்கொண்டிருந்த ஒரு நாள் அண்ணாச்சி டிவிஎஸ் வண்டியில் அந்த மெஷினை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். உறை போட்டபடியே இருந்தது.

“ஏலே மாசானம், காலையில இருந்து மூணு தடவ கீ கீன்னு கத்துது. மஞ்ச லைட்டு ஒரு மின்னு மின்னிட்டு செவப்பா நிக்கி. உங்கக்கா சோறு திங்காம உக்காந்திருக்கா.”

“பாப்போம் அண்ணாச்சி. வச்சிட்டுப் போங்க.”

“வச்சிட்டுப் போனா வீட்டுக்குள்ள ஏத்த மாட்டா. இங்கனயே இருக்கேன்.”

உறையைக் கழற்றினேன். கருநீல ரெக்சின், இரண்டு மடிப்பு, உள்ளே பஞ்சு. பின்னால் வயர் வருவதற்கு மட்டும் ஒரு சின்னக் கண், அதற்கும் சுற்றிலும் எலாஸ்டிக். உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்த்தேன், வேறு ஓட்டையே இல்லை.

“அண்ணாச்சி, ஓடும்போது இத கழட்டிருவாங்கள்லா?”

“எதுக்குக் கழட்டணும்? சி.டி.யா போடப்போறா. கச்சான் அடிச்சா சன்னலயும் பூட்டிட்டு, இதயும் மாட்டிட்டுத்தான் பாப்பா. உப்பு ஏறிரக் கூடாதுல்லா.”

திருகாணிகளைக் கழற்றி மூடியைத் திறந்தேன். உள்ளே உப்பு இல்லை. அந்த விஷயத்தில் அக்கா ஜெயித்துவிட்டாள். இருபத்தாறு வருஷத்தில் இந்த ஊரில் இவ்வளவு சுத்தமான போர்டை நான் பார்த்ததில்லை. ஆனால் ஃபேன் காற்றில்லாமல் சுற்றிச் சுற்றி அச்சு தேய்ந்திருந்தது. பெரிய சிப்புக்கு மேலே இருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. அதைச் சுற்றிப் போர்டு பழுப்பேறிக் கிடந்தது.

“இதுக்கு மூச்சே விட வழியில்லயே அண்ணாச்சி. வெந்துருக்கு.”

அண்ணாச்சி குனிந்து பார்த்தார். மோட்டாரும் பம்பும் பார்த்த கண், எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“மோட்டார மூடி வச்சி ஓட்டாதியன்னு எத்தன பயலுவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். எங்கண்ணு முன்னால பத்து வருசம் மூடி ஓடிருக்கு. எனக்குத் தோணல பாரு.”

“எனக்கும்தான் தோணல. எத்தன தடவ உங்க வீட்டுக்கு வந்திருக்கேன்.”

“அவட்ட சொல்லிராத மாசானம். அவ கையால தச்சது. தெரிஞ்சா செத்துருவா.”

“சொல்லல.”

“உள்ள இருக்க ஹார்ட் டிஸ்க்க மட்டும் கழட்டி வேறெதுலயாச்சும் போட்டுப் பாரேன்.”

போட்டுப் பார்த்தேன். காலி என்றுதான் காட்டியது. இந்த மெஷினில் அப்படி ஓர் ஏற்பாடு. அந்தப் போர்டுதான் அந்த டிஸ்க்குக்குச் சாவி. இதே மாதிரி இன்னொரு மெஷின் வாங்கி அதில் சொருகினாலும், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கட்டுமா என்றுதான் கேட்கும். நாற்பத்துமூன்று படமும் பத்திரமாக உள்ளேயே இருக்கிறது, இந்த ஒரு போர்டு உயிரோடு வந்தால்தான் பார்க்கலாம். அண்ணாச்சிக்கு இதை விளக்கிச் சொன்னேன். படத்தை இதற்குள் ஏற்றச் சொன்னவனே நான்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்துப் பெனிஸ்டன் கப்பலுக்குக் கிளம்பும்போது கேமராக் கார்டை என்னிடம் கொண்டுவந்து, இது பத்திரமா இருக்குமா மாமா என்று கேட்டான். நகத்தளவுக் கார்டு, உப்புக்காத்துல நாலு மாசம் தாங்காது, மெஷினுக்குள்ள ஏத்திரு, பூட்டுன பெட்டிக்குள்ள இருக்க மாதிரி இருக்கும் என்றேன். பெரிய மேதாவி. நானே உட்கார்ந்து ஏற்றியும் கொடுத்தேன். அதோடு நிறுத்தினேனா? அப்போது கல்யாணம் காதுகுத்துக்கு வீடியோ எடுக்கிற வேலையும் பார்த்தேன். நல்ல கார்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. சும்மா கிடக்கப்போற கார்டுதான, எனக்குத் தாங்களேன் என்று வாய் விட்டுக் கேட்டேன். கூலி வேண்டாம் என்றேன், கார்டைக் கொடுத்தார்கள். அதே வாரம் மொத்தத்தையும் அழித்துவிட்டு முக்காணியில் ஒரு காதுகுத்து எடுத்தேன். அதன் பிறகு எத்தனையோ விசேஷம். கார்டு போன இடம் தெரியாது. அண்ணாச்சிக்கு அது ஞாபகம் இருக்கிறதா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். ஞாபகம் இருப்பதாகத் தெரியவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

மெஷினை வைத்துக்கொண்டு, உறையையும் கடையிலேயே வாங்கி வைத்துக்கொண்டேன். அக்கா கேட்டால் கிழிந்துவிட்டது என்று சொல்வதாக ஏற்பாடு.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி கூப்பிட்டார் என்று வீட்டுக்குப் போனேன். அக்கா வாளை மீன் குழம்பு வைத்து, எனக்கும் சேர்த்து இலை போட்டிருந்தாள். அவள் சாப்பிட உட்காரவில்லை. அண்ணாச்சி கை கழுவப் பின்பக்கம் போனதும் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“எத்தன நாள் ஆவும்யா?”

“சாமான் வரணும்க்கா. பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“நேத்து ஒண்ணு மறந்துட்டு மாசானம். முருங்கக்கீர ஆய்ஞ்சிக்கிட்டு இருந்தேன். இதுக்கு அவ என்ன செய்வான்னு கையத் தூக்குனேன், வரல. ராத்திரி பூரா யோசிச்சிப் பாத்தேன். வரவேயில்ல.”

“வந்துரும்க்கா.”

“எங்கன வரும்? அவ பேச்சு தெரிஞ்ச ஆளு அவளும் நானுந்தான். தெனம் பாத்துக்கிட்டே இருந்தாத்தான் கையில நிக்கும். உங்க அண்ணாச்சிக்குச் சோறு, வா, போ, தூங்கு, நாலு வார்த்த தெரியும். ஷிப்டுக்குப் போற மனுசன், எப்பம் படிக்க? சிலது இவியளுக்குத் தெரியக்கூடாதுன்னே நாங்க வச்சிருந்தோம்.”

அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வலது கையை முஷ்டியாகப் பிடித்து அதன்மேல் இடது உள்ளங்கையைக் கவிழ்த்து மூடிக் காட்டினாள்.

“இது பொய். சின்னதுல மக்ரூன் முட்டாய எடுத்துக் கைக்குள்ள வச்சி இப்பிடி மூடிக்கிட்டு, இல்ல இல்லன்னு தலய ஆட்டுவா. அதுல இருந்து பொய்யின்னா இதுதான். ரெண்டு பேரும் சேந்து இவியட்ட எதயாச்சும் மறச்சம்னா, முதுகுக்குப் பின்னால நின்னு இதச் செய்வா. எனக்குச் சிரிப்ப அடக்க முடியாது.”

அண்ணாச்சி துண்டில் கை துடைத்துக்கொண்டு வந்தார். அக்கா கையைப் பிரித்துக்கொண்டாள்.

“உறை கிழிஞ்சிட்டுன்னு சொன்னாவ,” என்றாள் என்னிடம். “பழசுதான, இத்துப் போயிருக்கும். நீ மெஷின சரி பண்ணு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் இலையைப் பார்த்தார். அப்போது சொல்லியிருக்க வேண்டும். குழம்பு நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்துவந்தேன்.

சிப்பைச் சூடு காட்டி உட்கார வைக்கிற வேலை ஒன்று உண்டு. ப்ளோயரால் பதமாகச் சூடு கொடுத்தால் விட்டுப்போன ஈயம் மறுபடி பிடிக்கும். அரைமணி நேரம் பிடிக்கலாம், அரை நாள் பிடிக்கலாம், பிடிக்காமலே போகலாம். முதல் தடவை பிடிக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மூன்றாம் தடவை, வியாழக்கிழமை மத்தியானம், மெஷின் ஒரே ஒரு கீ போட்டுப் பச்சை லைட்டோடு நின்றது. அண்ணாச்சிக்கு ஃபோன் போட்டேன். சேதியை மட்டும் சொன்னேன், வாங்க என்று சொல்லவில்லை. பத்து நிமிஷத்தில் இரண்டு பேரும் வண்டியில் வந்து இறங்கிவிட்டார்கள். அக்கா வீட்டுச் சேலையோடு வந்திருந்தாள், தோளில் ஒரு துணிப்பை.

அதற்குள் நான் அறுபத்துநாலு ஜிபி பென் டிரைவைச் சொருகிப் பார்த்திருந்தேன். பழைய மெஷின், புதுப் பென் டிரைவை ஏற்றுக்கொள்ளவில்லை. சின்ன சைஸ்தான் எடுக்கும். எதிர் வரிசையில் மகாராஜன் மொபைல் கடையில் இருக்கும்.

“ஒரே ஒரு தடவ காட்டுய்யா,” என்றாள் அக்கா.

படங்களைப் பென் டிரைவில் ஏற்றிவிட்டுத்தான் காட்டியிருக்க வேண்டும். ஆனால் பன்னிரண்டு நாளாகப் பார்க்காத முகம். பஸ் கதைத் துண்டை ஓட விட்டேன். கடை டிவியில் ஜெபசுதா சன்னலோரம் நின்று பேச ஆரம்பித்தாள். அக்கா ஸ்டூல் நுனியில் உட்கார்ந்து கையைத் தூக்கிவிட்டாள். பதில் சொல்கிறாள். அண்ணாச்சி அதைப் பார்க்க முடியாமல், கருப்பட்டிக் காப்பி வாங்கிட்டு வாரேன் என்று வெளியே இறங்கிப் போனார்.

“அக்கா, மெஷின்ல மட்டும் கை வச்சிராதிய. அஞ்சே நிமிசம். பென் டிரைவ் எடுத்துட்டு ஓடியாரேன்.”

“நான் எதுக்குத் தொடப்போறேன்.”

மகாராஜன் கடையில் ஒரு பெண் ஃபோனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தது. எட்டு ஜிபி, பதினாறு ஜிபி எல்லாவற்றையும் தேடி எடுக்க ஐந்து நிமிஷம் எட்டு நிமிஷம் ஆயிற்று. கச்சான் அப்படி அடித்தது அன்றைக்கு. ரோட்டு மண் அப்படியே கிளம்பிக் கடைகளுக்குள் புகுந்தது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டும்போதே கீ கீ கீ என்று மூன்று தரம் கேட்டது.

டிவி கறுத்துப்போயிருந்தது. அக்கா இரண்டு கையும் தூக்கியபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். மேஜைமேல் மெஷினைக் காணோம். அந்த இடத்தில் புது உறை இருந்தது. மெரூன் ரெக்சின், பழையதைவிடக் கனம், மூன்று மடிப்பு, லேஸ் இரண்டு வரிசை.

“மண்ணு வந்து உளுந்துது மாசானம்,” என்றாள். “நீ மூடியில்லாம தெறந்து போட்டுட்டுப் போயிட்ட. நல்லவேள, பையில இது இருந்துது. இன்னைக்குக் காலைலதான் லேஸ் வச்சி முடிச்சேன்.”

உறையை உருவி எடுத்தேன். தொட முடியாத சூடு. பழைய உறையை ஒளித்து வைத்ததால் புது உறை தைத்திருக்கிறாள். சொல்லக்கூடாது என்று சொன்ன ஆள் மூன்று டம்ளர் காப்பியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஐந்து நாள் போராடினேன். நான்கு தடவை சூடு காட்டினேன். கோயம்புத்தூரில் இந்த வேலையே பார்க்கிற ஒருவனுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். சிப்பே போய்விட்டது, இனிமேல் யாராலும் முடியாது என்றான். பெனிஸ்டன் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டு, விடுங்க மாமா, அம்மாவ எங்கிட்ட அனுப்பி வைங்க, பேரப்பிள்ளையளோட இருந்தா மறந்துருவாங்க என்றான். மறந்துவிடக்கூடாது என்றுதானே அவள் கிடந்து தவிக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் மெஷினை எடுத்துப்போக வந்தார்கள். ஒரு திருகாணி விடாமல் முறுக்கித் துடைத்து வைத்திருந்தேன். செத்த சாமானுக்கு அதற்குமேல் நான் செய்ய ஒன்றுமில்லை. அக்கா மெஷினைத் தொடவில்லை. பக்கத்தில் கிடந்த மெரூன் உறையை எடுத்து உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள். நைலான் பஞ்சு ஓரிடத்தில் இளகிக் கெட்டியாகியிருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

“மாசானம், இத மூடுனதாலயா?”

அண்ணாச்சி முந்திக்கொண்டார். “அதெல்லாம் இல்லளா. அதுக்கு ஆயுசு அவ்வளவுதான். பதிமூணு வருசம் ஓடிருக்கு.”

“நான் அவன்ட்டக் கேட்டேன்.”

“இல்லக்கா,” என்றேன். “உப்புதான்.”

உறையை நான்காக மடித்தாள். மடித்து மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

“அப்பம் அந்தக் கார்டு? கேமராவுல கெடந்தது. நீதானய்யா வாங்கிட்டுப் போன. அதுல எல்லாம் இருக்கும்லா?”

அண்ணாச்சி விருட்டென்று நிமிர்ந்தார். பத்து வருஷத்தில் அவருக்கு அது நினைவிலேயே இல்லை. அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. அழிச்சிட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். முக்காணிக் காதுகுத்தில் மொட்டையடித்த குழந்தை ஒன்று மாமன் மடியில் அலறியது கண்முன்னால் வந்தது.

“வீட்டுல பரண்மேல பழைய பெட்டி ஒண்ணு கெடக்குக்கா. அதுலதான் போட்டு வச்ச ஞாபகம். தேடி எடுத்துட்டு வாரேன்.”

“தேடுலே,” என்றார் அண்ணாச்சி. “கடையப் பூட்டிட்டுத் தேடு. நானும் வாரேன், ஏணி பிடிக்கேன்.”

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காது கேட்காத பிள்ளையோடு இருபத்திரண்டு வருஷம் முகத்தைப் பார்த்தே பேசிப் பழகியவள். நான் மேஜையில் கிடந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன், திரும்ப வைத்தேன்.

அவள் வலது கையைத் தூக்கிக் காற்றில் பக்கவாட்டாக ஓர் அறை விட்டாள். பிறகு அதே கையை முஷ்டியாகப் பிடித்து, இடது உள்ளங்கையை அதன்மேல் கவிழ்த்தாள். எடுக்கவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அண்ணாச்சி அவள் கையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னலே சொல்லுதா?”

“தெரியலியே அண்ணாச்சி,” என்றேன்.